என் சாபத்துக்குப் புல்லாங்குழல்

மிளகாய் அரைக்க வந்த ஒரு பெண்தான் எனக்கு அதை முதலில் காட்டினாள். போடியில் நாங்கள் மாவு மில் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவளும் தேய்த்துக்கொண்டிருந்தாள், திடீரென்று கண்ணைத் துடைத்தாள். மிளகாய் நெடி என்று நினைத்தேன்.

"நெடி இல்லக்கா. இந்த வீடியோவப் பாருங்க. எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அழுக வந்துருது" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பனி மூடிய மலைரோடு. பூமாலை கட்டிய ஜீப்பின் பின்பக்கத்தில் நின்று யாரோ எடுத்த படம். பழைய கேசட்டிலிருந்து மாற்றியது என்பதால் கோடு கோடாக ஓடியது. ஜீப்பு நகர நகர, ரோட்டின் நடுவே ஒரு பெண் நிற்கிறாள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. குனிகிறாள், இரண்டு கையாலும் எதையோ அள்ளுகிறாள், போகிற ஜீப்பைப் பார்த்து வீசுகிறாள். மறுபடி குனிகிறாள். மூன்று முறை. மூன்றாவது முறை வீசும்போது வாயைத் திறந்து என்னவோ சொல்கிறாள். அது கேட்காது. சத்தத்தை எடுத்துவிட்டு உருக்கமாக ஒரு புல்லாங்குழலைப் போட்டிருந்தார்கள். கீழே எழுத்து ஓடியது: "அன்பு மட்டுமே இருந்த காலம். முதலாளியின் கல்யாண ஜீப்புக்குக் காட்டுப் பூவை அள்ளி வீசும் ஏழைத் தொழிலாளி."

அந்த ஏழைத் தொழிலாளி நான்தான். நான் வீசியது பூ இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவனை அடிவயிற்றிலிருந்து சபிக்க வேண்டுமென்றால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மூன்று பிடி. அதைத் திருப்பி வாங்க முடியாது என்பார்கள். போலீசுக்குப் போக வழியில்லாதவள், பஞ்சாயத்தில் பேச ஆளில்லாதவள் செய்கிற காரியம் அது. என் வாய் திறந்து மூடியது "உன் வம்சம் மண்ணாப் போகட்டும்டா" என்று சொல்வதற்காக. அதற்குத்தான் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள்.

"நல்லாருக்குல்லக்கா?" என்றாள் அந்தப் பெண். "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மிளகாயை நைய அரைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த எஸ்டேட்டு போடிமெட்டைத் தாண்டிக் கேரளா எல்லைக்குள் இருந்தது. முதலாளி குடும்பம் போடிக்காரர்கள். நானும் என் அக்காவும் அங்கே கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், லயத்தில், தங்கி ஏலக்காய் எடுத்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு ஆகி, வயிற்றில் ஏழு மாதம். அவள் புருசன் கீழே ராசிங்காபுரத்தில் தோட்ட வேலை பார்த்தார். ஏலச்செடி அடித்தூரில் தரையை ஒட்டிக் காய்க்கும். எடுக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் கிடக்க வேண்டும். "நீ வராதக்கா" என்றால் கேட்க மாட்டாள். குந்திக்கொண்டே நகர்ந்து எடுப்பாள். தை மாதம், கடைசி எடுப்பு. சரிவில் காய்ந்த சருகு வழுக்கி உருண்டுபோய் ஒரு மரத்தில் மோதி நின்றாள். தூக்கும்போது என் இரண்டு கையும் ரத்தம்.

அன்றைக்கு எங்கள் முதலாளிக்குக் கல்யாணம் முடிந்து, புதுப்பெண்ணோடு எஸ்டேட்டு கோயிலில் பொங்கல் வைக்க வந்திருந்தார். அந்த வீட்டு வழக்கம் அது. எஸ்டேட்டில் இருந்த ஒரே வண்டி அந்தக் கல்யாண ஜீப்புதான். அது கீழே போடிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"மொதலாளி, அக்காவுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. பின்னாடி ஓரமா போட்டுக் கொண்டுபோயிருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். இறங்கி என்னை ஓரமாக அழைத்துப்போய், புதுப்பெண்ணுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"கல்யாண வண்டிம்மா. ரத்தத்தோட ஏத்துனா தீட்டாயிரும். வேற ஏதாச்சும் பாத்துக் கொண்டு போங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். கடையில் இல்லாத சாமானை இல்லையென்று சொல்வார்களே, அப்படிச் சொன்னார். ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. அப்போது நான் குனிந்தேன். பின்னால் நின்று கேமரா பிடித்துக்கொண்டிருந்தவர் எடுப்பதை நிறுத்தவில்லை. அவருக்கும் அது பூ என்றுதான் பட்டதோ என்னவோ.

கம்பளியைக் கம்பில் கட்டி, அக்காவைத் தொட்டில்போலத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஒரு லோடு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். அவர் எங்களுக்கு யாரோ. அவருக்குத் தீட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளையைச் செத்ததாகத்தான் எடுத்தார்கள். கர்ப்பப்பையையும் எடுத்தார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட ஒரு மனுசன் பயத்தில் செய்த தப்பு என்று இருந்திருக்கும். அக்காவின் மாமனார் வீட்டார் நியாயம் கேட்க முதலாளியிடம் போனார்கள். காப்பி கொடுத்து உட்கார வைத்து, "எங்கிட்ட யாரும் வண்டி கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா குடுக்காம இருப்பேனா?" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர்கள் எங்களைத்தான் உலுக்கினார்கள். வண்டி நின்றிருக்கிறது, அக்காளும் தங்கச்சியும் வாயைத் திறந்து கேட்கவில்லை, பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள். ராசிங்காபுரம் முழுக்க அதுவே பேச்சு. நான் தொண்டை கிழியச் சொன்னேன். முதலாளி சொல்லுக்கு முன்னால் காய் எடுக்கிறவள் சொல் எடுபடுமா? அக்கா புருசன் அடுத்த வருடமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். அக்கா அன்றிலிருந்து என்னோடுதான். என் பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள், இப்போது மில்லில் மாவு சலிக்கிறாள். அவள் வாயிலிருந்து இத்தனை வருடமாக வருகிற புலம்பல் ஒன்றே ஒன்று: "நாம கேட்டோம்னு அவன் வாயால ஒரு தடவ சொல்லணும்டி."

முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவன் சொல்லவில்லை. அவனுக்கு ஏலக்காய் விலை ஏறியது, தோட்டம் பெருகியது, வீடு மாடியாயிற்று. மண்ணாய்ப் போகிற அறிகுறியே இல்லை. என் சாபத்துக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் பார்த்தால் அது ஊர் ஊராகப் போய்ப் புண்ணியம் செய்துகொண்டிருக்கிறது.

அந்த வீடியோ பரவிய வேகத்தைச் சொன்னால் வயிறு எரியும். முதலாளியின் மகள்தான் அப்பா அம்மா கல்யாண நாளுக்காகக் கேசட்டை மாற்றிப் போட்டிருக்கிறாள். பழைய படங்களைப் போட்டே பிழைக்கிற ஒரு இணையப் பக்கம் அதை எடுத்து, வெறும் ஜீப்பு இரைச்சலாக இருந்த சத்தத்தைக் கழித்துப் புல்லாங்குழலைச் சேர்த்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு அதேபோலச் செய்து படம் போட ஆரம்பித்தார்கள். வெளிநாடு போகிற மகனுக்கு ஏர்போர்ட் வாசலில் ஒரு தாய் மூன்று முறை குனிந்து மல்லிகைப் பூ வீசினாள். ஒருவன் தன் பழைய பைக்கை விற்றுவிட்டு, அதை ஓட்டிக்கொண்டு போனவன் முதுகில் ரோஜா இதழைத் தூற்றினான். குரங்கணிக்கு மலையேற வருகிற பிள்ளைகள் திரும்பும்போது ஜீப்புக்குப் பின்னால் ஓடி ஓடி வீசினார்கள். பக்கத்துத் தேவாரம் ஊரில் யானையை விரட்ட வந்த ஜீப்பு திரும்பிப் போகும்போதுகூடப் பொரி வாங்கி வீசியிருக்கிறார்கள், விளையாட்டுக்கு. எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் "ஜீப்பு வாழ்த்து ஷாட் எடுத்துத் தரப்படும்" என்று போர்டே வைத்துவிட்டார்கள். என் உருவத்தை வெட்டிக் காலை வணக்கம் என்று வாட்ஸப்பில் அனுப்பினார்கள். எனக்கே வந்தது.

ஒரு பெரியவர் மட்டும் கீழே எழுதியிருந்தார், "இது பூ மாதிரி தெரியவில்லையே, மண் போல அல்லவா இருக்கிறது, மண் வாரித் தூற்றுவது நல்லதற்கில்லையே" என்று. அவரைப் போட்டு மிதித்துவிட்டார்கள். உங்களைப் போன்றவர்களால்தான் உலகத்தில் அன்பு செத்துப்போனது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தப் பெரியவர் எந்த ஊரோ, அவரை ஒருமுறை பார்த்துக் கும்பிட வேண்டும் என்றிருந்தது.

அக்கா அந்த வீடியோவைப் பார்க்க மறுத்துவிட்டாள். மில்லில் யார் போனிலாவது அந்தப் புல்லாங்குழல் கேட்டால் சல்லடையை ஓங்கித் தட்டுவாள். எனக்குத் தாங்கவில்லை. என் பிள்ளைகள் கேட்டார்கள், உண்மையை நீயே பேசிப் போட்டுவிடேன் என்று. பேசிப் போட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பெரியவருக்கு விழுந்த உதையிலேயே தெரிந்துவிட்டது. நான் காத்திருந்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

ஒரு நாள் மில் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள், கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் மூக்கு.

"அம்மா, நீங்கதான அந்த வீடியோல இருக்குறவங்க? உங்களக் கண்டுபிடிக்க எவ்வளவு அலஞ்சேன் தெரியுமா!" என்று என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கல்யாணம். எஸ்டேட்டு கோயில்ல பொங்கல் வெச்சுட்டு அதே மாதிரி பழைய ஜீப்புல கெளம்புறோம். நீங்க வந்து அன்னைக்கு அம்மா அப்பாவ வாழ்த்தின மாதிரியே எங்களையும் வாழ்த்தணும்."

நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கள்ளம் இல்லாத முகம்.

"ஒங்கப்பா இந்த வீடியோவப் பாத்தாராம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தாரே. பாதியிலேயே எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அழுதிருப்பாரு. அப்பா எதையும் வெளிய காட்டிக்க மாட்டாரும்மா."

"நான் யாருன்னு சொன்னாரா?"

"ஞாபகம் இல்லையாம். உங்களக் கூப்புடுறது அப்பாவுக்குத் தெரியாது. சர்ப்ரைஸ்."

அக்கா சலிப்பதை நிறுத்தவில்லை. நான் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். கண்டிப்பாக வருகிறேன் தாயி என்றேன். அந்தப் பெண் என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கார் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். "மூணு பிடி பத்தாதுக்கா. இந்தத் தடவ கூடை கூடையா வாரிப் போடுறேன். எல்லாப் போனும் நேரா என்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்."

அக்கா சல்லடையிலிருந்த கப்பியைத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போடு. அந்தப் புள்ள மேல படாம, அவன் மேல மட்டும் படுற மாதிரி போடு" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் என்னைக் கூட்டிப்போக ஒரு எஸ்டேட்டு ஜீப்பு என் வீட்டு வாசலுக்கே வந்தது. அன்றைக்குக் கும்பிட்டும் கிடைக்காத வண்டி. டிரைவர் மலையாளத்துக்காரர், "சேச்சி, முன்னில் இரிக்கூ" என்று முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதெல்லாம் அக்காவை லாரியில் போட்டுக்கொண்டு நாங்கள் இறங்கி வந்ததே ஞாபகம் வந்தது. நான் அழவில்லை. எரிந்துகொண்டிருந்தேன், அது நன்றாகத்தான் இருந்தது.

கோயில் வாசலில் கல்யாண ஜீப்பு நின்றது, செவ்வந்தி மாலையோடு. தலைக்கு மேலே கேமரா ஒன்று வண்டுபோலப் பறந்துகொண்டிருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் ஜீப்பின் பின்பக்கத்தில் ஏறி நின்றிருந்தார்கள். எனக்கு ஒரு ஆம்பளைச் சட்டையும் துண்டும் தயாராக வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டேன். ஒரு தட்டு நிறைய ரோஜா இதழைக் கையில் கொடுத்தார்கள். முதலாளி பட்டு வேட்டியில் ஜீப்பின் ஓரமாக நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, தொந்தி போட்டிருந்தது. நான் ரோட்டின் நடுவில் போய் நின்றதும் கூட்டம் கைதட்டியது. அவர் திரும்பினார்.

நான் பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன்.

"சூப்பர்ம்மா! அதே ஆக்‌ஷன்! அப்படியே இருங்க!" என்று கத்தினார் போட்டோக்காரர். நூறு பேர் நின்றிருந்தால் நூறு பேருக்கும் அது வாழ்த்து. சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பயந்தது ஒரே ஒரு ஆள்தான். பட்டு வேட்டி காலில் தடுக்க முதலாளி ஓடிவந்து, மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்! வேணாந்தாயி! எம்புள்ள மேல வேணாம்!"

"சார், ஃபிரேம விட்டு வெளிய வாங்க சார்" என்றார் போட்டோக்காரர்.

எனக்கு வீசத் தோன்றவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. ஞாபகம் இல்லாதவன் எதற்கு ஓடிவருகிறான்? இத்தனை வருடமும் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பின்னால் நின்று நான் மண் தூற்றியதை ஜீப்புக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறான்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள். "அன்னைக்கு மாதிரி பூ போட வந்திருக்காங்கப்பா."

"அன்னைக்கும் பூ இல்லம்மா" என்றார் அவர். "மண்ணு."

கைதட்டல் நின்றுவிட்டது. நான் ஓரடி முன்னால் போனேன். "ஏன் மண்ணுன்னு சொல்லுங்க மொதலாளி. இல்ல, நான் வீசட்டுமா?"

அவர் என் கையைப் பார்த்தார். அன்றைக்கும் அதைத்தான் பார்த்தார்.

"இவங்க அக்கா புள்ளத்தாச்சி. விழுந்துட்டா. இவ வந்து வண்டி கேட்டா. நான் குடுக்கல."

"ஏன் குடுக்கல?" என்று கேட்டது நான் இல்லை. முதலாளி மனைவி. கோயில் படியிலிருந்து இறங்கி வந்திருந்தார். அன்றைக்கு அந்த ஜீப்பில் உட்கார்ந்திருந்த புதுப்பெண்.

"ரத்தமா இருந்துச்சு. கல்யாண வண்டின்னு..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

"அந்தக் கொழந்த?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"ஆம்பளப் புள்ள" என்றேன். "செத்துத்தான் எடுத்தாங்க. ஒங்கப்பாகிட்ட வண்டியே கேக்கலன்னு சொல்லி அக்கா புருசனும் விட்டுட்டுப் போனாரு."

அந்தப் பெண் ஜீப்பை விட்டு இறங்கிவிட்டாள். அப்பாவின் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் போய் நின்றுகொண்டாள். முதலாளி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிரு" என்றார். மன்னிக்க எனக்கு மனசும் இல்லை, உரிமையும் இல்லை. கையிலிருந்த மண்ணை அவர் பார்க்கப் பார்க்கக் கீழே உதிர்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. வீசியிருந்தால்கூட இவ்வளவு கிடைத்திருக்காது.

மில்லுக்குள் நுழைந்ததுமே அக்கா கேட்டாள், "பட்டுச்சா?"

"வீசலக்கா."

"பின்ன எதுக்குடி போன?" என்று சல்லடையைக் கீழே போட்டாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. நான் அவளை உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஓடிவந்தது, கையை விரித்தது, பூ இல்லை என்றது, வண்டி கேட்டாள், கொடுக்கவில்லை என்றது. அவள் கண் கொட்டாமல் கேட்டாள்.

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"அவன் பொண்டாட்டி?"

"அவதான் ஏன் குடுக்கலன்னே கேட்டா."

அக்கா மாவு அப்பிய கையை முந்தானையில் துடைத்தாள். இத்தனை வருடம் கேட்டது கிடைத்துவிட்டது, இனி அழுது தீர்ப்பாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கக்கா?"

"எஸ்டேட்டுக்கு. வெரசா போனா அவன் அங்கதான இருப்பான்?"

"அதான் ஒத்துக்கிட்டான்லக்கா. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான்."

"அவன் ஒத்துக்கிட்டது எனக்கு" என்றாள் அக்கா. "மண்ணு எம்புள்ளைக்கு. அத நான்தான போடணும்?"

நான் மிசினை நிறுத்தினேன். "இருக்கா, மில்லப் பூட்டிட்டு நானும் வர்றேன்" என்றேன்.